கிரானைட் பட்டறையில் வடிகட்டி முகக்கவசம்: எட்டு மாத அனுபவம்

மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர்க் கவசமும், அதன் இருபுறமும் கழற்றி மாற்றக்கூடிய பி100 வடிகட்டிகளும் கொண்ட இந்த முகக்கவசத்தை எங்கள் கல் பட்டறையில் நால்வரும் எட்டு மாதங்களாக அணிந்து வருகிறோம். அதற்கு முன்பு எங்களுக்குத் துணை கைக்குட்டைதான்.

எங்களோடு வேலை செய்த அண்ணன் ஒருவருக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரல்கள் வெளுக்கத் தொடங்கி, பின்னர் கைத்தோல் இறுகியபோதுதான் தோலை இறுக வைக்கும் ஸ்கிளிரோடெர்மா என்ற நோயின் பெயரைக் கேள்விப்பட்டோம். கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிகா தூசி நுரையீரலை மட்டுமே கெடுக்கும் என்று நம்பியிருந்தோம். ஆனால் உள்ளே போன துகளை விழுங்கும் தற்காப்பு அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் மடிவதால் அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. நாளடைவில் எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நிலையும் சிலருக்கு வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கல்தச்சர்களிடம் ஸ்கிளிரோடெர்மாவை மருத்துவர் பிராம்வெல் 1914-இலேயே குறித்திருக்கிறார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியும் அதே செய்தி வந்தது. எதிர்ப்பாற்றல் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கும், பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் இத்தூசியோடு தொடர்பு உண்டு. தூசியோடு பீடியும் சேர்ந்தால் முடக்குவாத அபாயம் இன்னும் கூடும் என்பதை எங்கள் பட்டறையில் நான் சொல்லாத நாளில்லை.

என்95 முகமூடி நுண்துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும். பி100 தடுப்பது 99.97 சதவீதம். ஆனால் விளிம்பு முகத்தோடு ஒட்டினால்தான் அந்தக் கணக்கு செல்லும். வடிகட்டிகளை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுக்கும்போது கவசம் முகத்தில் அமுங்கி நிற்க வேண்டும். தாடி வைத்திருந்த தம்பிக்கு அது நிற்கவேயில்லை. மழித்த பிறகே சரியானது.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை தேங்குகிறது, பேசுவது எதிரில் இருப்பவருக்குப் புரிவதில்லை. கல் ஒட்டும் பசையின் ஆவியை இந்த வடிகட்டி தடுக்காது; அதற்குக் கரி வடிகட்டி தனியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் விடாமல் உலர் கல்லை அறுத்துவிட்டு இதை மட்டும் நம்புவது தவறு. 90 சதவீதத்துக்கும் மேல் சிலிகா கொண்ட செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளுக்கு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை விதித்துவிட்டது. அத்தகைய பலகைகளை அறுக்கும் வேலையை நாங்களும் ஏற்பதில்லை.

மூச்சிழுக்கக் கடினமானதும் வடிகட்டியை மாற்றிவிடுங்கள். மூன்று அளவுகளில் கிடைப்பதால், அணிந்து பார்க்க அனுமதிக்கும் கடையிலேயே வாங்குங்கள்.