மேடையா, துள்ளுபலகையா?

நீரில் பாயும் போட்டியில் மேடைக்கும் துள்ளுபலகைக்கும் என்ன வித்தியாசம் என்பது கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் குளித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். துருசுக் (மதகுக்) கட்டிலிருந்து குதிப்பது ஒன்று, தண்ணீருக்கு மேலே சாய்ந்த மருதங்கொப்பில் துள்ளிக் குதிப்பது வேறு. கொப்பு ஆளைத் தூக்கி எறியும். கட்டு அசையாது.

ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். ஆண்களுக்கான 10 மீட்டர் மேடை அசையாத தளம். சுழல்வதற்கான நேரத்தை உயரம்தான் தருகிறது, அதுவும் இரண்டு விநாடிக்குள். நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த அடியை முதலில் வாங்குவது கைகள். மணிக்கட்டும் தோளும் படும் பாடு கொஞ்சமல்ல. கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று பாய்வதும் மேடையில் மட்டுமே.

3 மீட்டர் துள்ளுபலகை வளையும் அலுமினியம். உயரம் குறைவுதானே என்று நினைக்கக் கூடாது. பலகை மேலெழும் கணத்தைக் கால் தவறவிட்டால் பாய்ச்சலே போச்சு.

இரண்டிலும் தங்கம் வென்றவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் கிரெக் லூகானிஸ் 1984, 1988 இரண்டு தடவையும் இரண்டையும் வென்றார். சீனாவின் சாவ் யுவான் 2016 இல் பலகையில் வென்றுவிட்டு, அப்புறம் டோக்கியோவிலும் பாரிஸிலும் மேடையில் வென்றார்.

பார்ப்பதற்கு எனக்கு மேடைதான். குளத்தில் என்றால் கொப்பு, அதுவும் ஆழம் தெரிந்த இடத்தில்.