வீட்டு ஹாலில் ஐந்தடிக் குடை

ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி மென்மையாக்கும் 60 அங்குல வெள்ளைப் போட்டோ குடை, பின்பக்கம் கறுப்புத் துணி போட்டது. அதில் மாட்ட கோடாக்ஸ் ஏடி200 ஃப்ளாஷ். சில வருடங்களாகக் குடும்ப குரூப் போட்டோவுக்கு எனக்கு இது இரண்டும்தான். அறுபதாம் கல்யாணம், சீமந்தம், காதுகுத்து என்று வீட்டு ஹாலிலேயே எடுக்கிற வேலைகள்.

குடையை விரித்து மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஃப்ளாஷ் முன்னால் மாட்டும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் இதே அளவில் என்றால், அதற்குக் கம்பி சொருகி முடிப்பதற்குள் பந்தி போட்டுவிடுவார்கள். பந்திக்குப் போனவர்களைத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம். கறுப்புத் துணி அவசியம். நம் வீட்டுச் சுவர்கள் பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று எந்த நிறத்திலும் இருக்கும். துணி இல்லாவிட்டால் பின்னால் கசிகிற வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, அந்த நிறத்தை எல்லார் முகத்திலும் ஏற்றிவிடும்.

வெளிச்சம் மென்மையாக விழட்டும் என்று குடையைப் பக்கவாட்டில் கிட்டக் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. ஒற்றை ஆளுக்குச் சரி, வரிசைக்கு உதவாது. குடையிலிருந்து ஐந்தடியில் இருக்கும் மாமாவுக்கு விழுவதில் கால்பங்குதான் பத்தடியில் நிற்கும் மருமகளுக்குப் போய்ச் சேரும். அதனால் கேமராவை ஒட்டி, முடிந்தவரை பின்னால் தள்ளி, ஏழடிக்கு மேல் ஏற்றி வைக்கிறேன். (ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.) மென்மை கொஞ்சம் குறையும்தான், ஆனால் எல்லார் முகமும் ஒரே மாதிரி தெரியும். கேமராவில் லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/160 நொடி வைத்தால் இரண்டு வரிசையும் ஷார்ப்பாக வரும். டியூப்லைட் எரிந்தாலும் படத்தில் பெரிதாகத் தெரியாது.

தொல்லை என்றால் கண்ணாடிதான். மூக்குக்கண்ணாடி, ஷோகேஸ், டிவி, சாமி படம் என்று எல்லாவற்றிலும் குடை வெள்ளை வட்டமாக வந்து உட்காரும். மூக்குக்கண்ணாடிக் காம்பைக் காதிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டால், கண்ணாடி முன்பக்கம் சாய்ந்து வட்டம் மறைந்துவிடும். சாமி படத்தைக் கழற்றச் சொல்ல முடியாது, நாற்காலிகளைத்தான் ஓரடி நகர்த்த வேண்டும்.

சொல்லப்போனால் லைட்டைவிட நாற்காலிதான் முக்கியம். சோபாவில் பெரியவர்கள் அமிழ்ந்துபோய் முழங்கால்தான் முன்னால் தெரியும், பட்டுப்புடவை கசங்கும். கைப்பிடி இல்லாத டைனிங் நாற்காலியைக் கேட்டு வாங்கி, “பாட்டி, கொஞ்சம் முன்னாடி வந்து நிமிர்ந்து உட்காருங்க” என்றால் பாதி வேலை முடிந்தது. நிற்பவர்கள் ரேஷன் கடை வரிசை போல விறைத்து நிற்பார்கள். ஒரு தோளை மட்டும் உள்பக்கம் திருப்பி, முன்வரிசைத் தலைகளின் இடைவெளியில் நிறுத்த வேண்டும். லென்ஸ் 35 எம்எம். இடம் இல்லை என்று 24க்குப் போனால் ஓரத்தில் நிற்பவர் அகலமாகிவிடுவார், அப்புறம் ஆல்பம் கொடுக்கும்போது பேச்சு வாங்க வேண்டியதுதான். குழந்தைகளைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்.

குரூப் போட்டோவில் யாராவது கண் மூடுகிற பிரச்சினைக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் கணக்கே போட்டு, சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசை 2006இல் வாங்கினார்கள். இருபது பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, அத்தனை படம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு நான்கு. நான் இரண்டு கூடவே எடுப்பேன்.

குடைக் கம்பி மெல்லியது, வாசல் காற்றுக்கே வளையும். வெள்ளைத் துணியும் நாளடைவில் மஞ்சளாகிறது. பத்துக்குப் பத்து ஹால்தான் அதிகம் கிடைக்கும் என்றால் 43 அங்குலக் குடையே போதும். 60 வாங்கினால் அதை விரிக்கவே சோபாவை வெளியே தூக்க வேண்டியிருக்கும்.