கேமரா மாட்டிய டெலஸ்கோப்: மூக்கில் எடையா, நீளப் பட்டையா?

சின்ன டெலஸ்கோப்பின் பின்னால் கேமராவை மாட்டினால் வால் தாழ்ந்து மூக்கு மேலே போய்விடும். சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, மூக்கில் எடை கட்டுவது. இன்னொன்று, நீளமான டவ்டெயில் பட்டை (குழாயை மவுண்டில், அதாவது அதைத் தாங்கிச் சுழற்றும் கருவியில், மாட்ட உதவும் உலோகப் பட்டை) போட்டுக் குழாயையே முன்னால் தள்ளுவது. கடலூரில் மொட்டை மாடியில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு நான் பட்டைக்கு மாறிவிட்டேன். மவுண்டின் அச்சைப் பிடித்துவைக்கும் கிளட்ச்சை இறுக்கிவிட்டால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சுமை முழுக்க மோட்டார் மேலும் பல்சக்கரத்தின் மேலும்தான் விழும். அதனால் அதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மூக்கு எடையில் செலவு குறைவு. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத் துணிப்பையில் போட்டு வெல்க்ரோவால் சுற்றினால் வேலை முடிந்தது. காந்தம் வாங்க நினைப்பவர்கள் முதலில் குழாய் எதனால் ஆனது என்று பாருங்கள், அலுமினியத்தில் அது ஒட்டாது. இரும்பு எடை வேண்டவே வேண்டாம். கடலோர உப்புக்காற்றில் துருப்பிடித்து, அந்தக் கறை குழாயிலும் ஏறும்.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது விலையோ துருவோ அல்ல, கூடுதல் எடை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாகச் சமனில் நிற்கும் குழாய் 2.5 கிலோ, கேமரா அரைக் கிலோ, அது பிடிமானத்திலிருந்து 30 செ.மீ. பின்னால் இருக்கிறது. இதை முன்பக்கம் 25 செ.மீ. தள்ளி எடை கட்டிச் சமன் செய்ய 600 கிராம் வேண்டும். பட்டையில் என்றால் மொத்தத்தையும் 5 செ.மீ. முன்னால் நகர்த்தினால் போதும். முதல் வழியில் மவுண்ட் சுமப்பது 3.6 கிலோ, இரண்டாவதில் 3 கிலோவும் பட்டையின் சிறு எடையும். ஸ்டார் அட்வென்ச்சரர் மாதிரி 5 கிலோ தாங்கும் மவுண்டில், படம் எடுக்கும்போது அந்த எல்லைக்குக் கீழே நன்றாக இடம் விட்டு நிற்பதுதான் பாதுகாப்பு. எடை நுனியில் இருந்தால் கடற்காற்று தட்டும்போது குழாய் ஆடி அடங்கவும் நேரம் பிடிக்கும்.

600 கிராம் அதோடு நிற்பதில்லை. மவுண்டின் மறுபக்கம் குழாய்க்கு ஈடாகத் தண்டில் மாட்டியிருக்கும் எதிர் எடையை இன்னும் கீழே இறக்க வேண்டும், அல்லது இன்னொரு எடை சேர்க்க வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் ஏறக்குறைய 12 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே நிற்கும், அதை நோக்கி வைக்கும் மவுண்டின் துருவ அச்சும் கிட்டத்தட்டப் படுத்துவிடும். டெலஸ்கோப்பை வடக்கு நோக்கி ஆரம்ப நிலையில் வைத்தால் எதிர் எடைத் தண்டு ஏறத்தாழ நேர்கீழே தொங்கி, முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கப் பார்க்கும். எடை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு தொல்லை. டெல்லியில் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு உறைக்காது, நமக்கு இதுவே பெரிது.

பட்டையிலும் கவனம் வேண்டும். திருகைத் தளர்த்தும்போது குழாயைக் கிடைமட்டமாக வைத்து ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பட்டையின் இரு முனையிலும் தடுப்புத் திருகு ஒன்று போட்டுவிடுங்கள், வழுக்கினாலும் அது பிடித்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி, வயர்களைக் கட்டி, நட்சத்திரத்தில் ஃபோக்கஸ் செய்த பிறகே சமன் பார்க்க வேண்டும். ஃபோக்கஸர் (கேமராவை முன்பின் நகர்த்தி ஃபோக்கஸ் செய்யும் பகுதி) இரண்டு செ.மீ. வெளியே வந்தாலே கேமரா பின்னால் போய்ச் சமன் மாறிவிடும். கண்ணால் பார்க்க ஒரு இடம், கேமராவுக்கு ஒரு இடம் என்று பட்டையில் டேப் ஒட்டி வைத்தால் இருட்டில் தடவத் தேவையில்லை. கடைசியில் கிழக்குப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கனமாக விட்டால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்தியபடியே சுழலும்.

நான் சொல்வதெல்லாம் 80 மி.மீ. ரெஃப்ராக்டரை (லென்ஸ் டெலஸ்கோப்) வைத்து. நியூட்டோனியன் என்ற கண்ணாடி டெலஸ்கோப்பில் கேமரா முன்பகுதியில் பக்கவாட்டில் நிற்பதால் குழாயை அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் சுழற்றுவதும் கணக்கில் வரும், அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

குட்டைக் குழாயில் கனமான கேமரா என்றால், வளையம் ஃபோக்கஸரில் முட்டும்வரை தள்ளியும் வால் தாழலாம். அங்கே மட்டும் மீதிக்கு ஈயம் கட்டுங்கள். பட்டை பெரும்பகுதியைச் சமன் செய்திருக்கும் என்பதால் நூறு, நூற்றைம்பது கிராமிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.