உருவப்படச் செதுக்கலுக்கு எந்த உளி: சதுரமா, சாய்சதுரமா?

மை பூசி அச்செடுக்கும் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கத் தொடங்குபவர்களுக்கென விற்கும் செட்டுகளில் சதுர முனை, சாய்சதுர முனை, தட்டை, உருண்டை, பல்கோட்டு உளி (ஒரே தள்ளலில் பல இணைகோடுகள் வெட்டுவது) என்று ஐந்தாறு வகை இருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் பெர்விக், இத்தாலியின் மோர்கன் போன்ற செதுக்குக் கலைஞர்கள் செதுக்கிய பாணியில் முகம் செதுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு போதும். முழு செட் வீண் செலவு.

முதலில் வாங்க வேண்டியது சதுர முனை. இதன் வெட்டு 90 பாகை என்பதால் 0.1 மி.மீ. ஆழம் இறங்கினால் கோடு 0.2 மி.மீ. அகலமாகும். கையை ஒரு இழை உயர்த்தினாலே கோடு தடிக்கும். கன்னத்து வெளிச்சத்தில் மயிரிழையாகத் தொடங்கி, தாடையின் நிழலில் பருத்து, கழுத்தருகே மறுபடி மெலியும் கோடுதான் அந்தக் காலத்து முகங்களின் உயிர். வளைவு வரும் இடத்தில் உளியைத் திருப்பக் கூடாது. மணல் அடைத்த தோல் திண்டின் மேல் தகட்டை இடக்கையால் சுழற்ற வேண்டும்.

சாய்சதுர முனை 60 பாகை என்றால் அதே ஆழத்துக்கு அகலம் சுமார் 0.115 மி.மீ. தான். குறுகலாக, ஆழமாக வெட்டுவதால் மை நன்றாகத் தங்கும். பின்னணியின் நேர்கோடுகளுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் அருமை. நெருக்கமான வளைவில் மட்டும் பிடிவாதம் செய்யும். பக்கவாட்டில் அழுத்தினால் நுனி ஒடியும்.

தோலின் இழைநயம் குறுக்குக் கோடுகளின் சாய்வில் இருக்கிறது. இரண்டாம் அடுக்குக் கோடுகள் சாய்வாக வெட்டினால் இடைவெளிகள் சாய்சதுரங்களாகும். ஒவ்வொன்றின் நடுவிலும் உளி நுனியால் ஒரு சிறு புள்ளி வைத்தால் தோல் மென்மையாகத் தெரியும். செங்கோணமாக வெட்டினால் முகம் சாக்குத்துணி போலாகிவிடும். சாய்வு அளவுக்கு மீறினாலோ அலை அலையாகப் பட்டைகள் தோன்றும். பிரெஞ்சு ஓவியர் கல்லேயின் ஓவியத்தைப் பார்த்து பெர்விக் 1790-இல் செதுக்கிய பதினாறாம் லூயி படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வெல்வெட், உரோமத் தோல், லேஸ் எல்லாம் கோட்டின் திசையாலும் நெருக்கத்தாலுமே வேறுபடுகின்றன.

உளி பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். முதலில் அடிப்பக்கம் இரண்டையும் கல்லில் சமமாகத் தேயுங்கள். ஒன்று கோணினாலும் கோடு ஒருபக்கம் சரியும். பிறகு உளி நுனியின் சாய்ந்த முகத்தை 45 பாகையில் தீட்டுங்கள். 30-க்குக் கீழே போனால் நுனி ஒடியும், 60 ஆனால் தள்ள பலம் வேண்டும், வழுக்கும். கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்தால் கடிக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் கூர் ஏறவில்லை. மின்சாணையில் சாதாரண கார்பன் எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அந்தப் பகுதியைத் தேய்த்தே நீக்க வேண்டும். கார்பைடு முனை கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் சில்லு பெயரும். வைரக் கல் இல்லாமல் தீட்டவும் முடியாது. ஹைஸ்பீடு ஸ்டீல் போதும்.

கைப்பிடி காளான் வடிவில், அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். விரல்களைத் தாண்டி நுனி 2 செ.மீ. அளவே நீள வேண்டும், அதிகமானால் ஆடும். கோட்டின் ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டியால் நீக்கத் தவறினால் அச்சில் கோடு மங்கலாகப் பரவும். சுரண்டி செட்டில் இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும்.

பல்கோட்டு உளியில் எல்லாக் கோடும் ஒரே தடிமன், பருக்காது. பின்னணிக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம். முகத்தில் வேண்டவே வேண்டாம்.