வெள்ளவத்தையில ஒரு சனிக்கிழமை வகுப்பு: போகலாம், ஆனா...

மனிசி பிடிச்சு இழுத்துத்தான் போனனான், காலி வீதியில ஒரு கடைக்கு மேல்மாடி, நாங்க ஏன் இப்பிடி நடக்கிறம் எண்டு அரைநாள் வகுப்பு. ஏசி வேலை செய்யேல்ல, பிளேன்டீ மட்டும் அருமை. மனிசற்ர தேவையள் படிப்படியா வரும் எண்டு மாஸ்லோ எண்ட உளவியலாளர் 1943ல எழுதின கதை சரியான அலுப்பு. ஆனா 1971ல எட்வர்ட் டெசி எண்ட உளவியலாளர் எழுதின பரிசோதனை ஒண்டை வகுப்பெடுத்தவர் சொன்னார் பாருங்கோ, காசு வாங்கிப் புதிர்க் கட்டை அடுக்கின கம்பஸ் பிள்ளையளுக்கு, காசை நிப்பாட்டினாப்பிறகு அதில இருந்த ஆசையே குறைஞ்சு போச்சாம், அப்பதான் எனக்குச் சுள்ளெண்டுச்சு, படிச்சா ஃபோன் தாறன் எண்டு மகனோட எத்தினை பேரம் பேசியிருப்பன், இப்ப புத்தகம் எடுக்கமுதலே "என்ன தருவீங்கள் அப்பா" எண்டுதான் கேக்கிறான். மனிசி பாத்த பார்வை இருக்கே! கேள்வி கேக்க நேரமே தரேல்ல, கட்டணமும் கூட. ஐஞ்சுக்கு மூண்டரை.