அனாமத்துக் கணக்கு: ஏஐ உதவியாளருடன் பதினான்கு மாதங்கள்

கணக்கு எழுதும் ஏஐ உதவியாளரின் ஆண்டுச் சந்தா இந்த வாரம் குறைந்திருக்கிறது. எதிர்க்கடை பாய் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேட்டுவிட்டார்: "நீங்கள்தான் ஒரு வருஷமாக வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் பம்பும் உதிரிப் பாகங்களும் விற்கிறேன். பில்லைப் படம் எடுத்துப் போட்டால் படிக்கும், வங்கி ஸ்டேட்மென்டைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, பொய்யில்லை. தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்கிறது. கோயம்புத்தூர் பில்லுக்கு மத்திய வரி, மாநில வரி என்று பாதி பாதியாகவும், ராஜ்கோட் பில்லுக்கு, வெளிமாநிலச் சரக்கு என்பதால், ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாகவும் பிரிப்பதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. என் குறை ஒன்றே ஒன்று. அது திருப்பிக் கேட்காது.

முன்பு எங்களிடம் இருந்த கணக்குப்பிள்ளை வரிக்கு வரி கேட்பார். "முதலாளி, இந்த ஐயாயிரம் என்ன, கைமாற்றா, பழைய பாக்கியா?" வியாபார நேரத்தில் எரிச்சலாக வரும். இந்த உதவியாளரோ எதைக் கொடுத்தாலும் தலையாட்டிக்கொண்டு எழுதிவிடும். முதல் மாதம் "வீட்டுக்கு 20,000" என்று எழுதினேன். கல்லாவிலிருந்து குடும்பச் செலவுக்கு எடுத்த பணம். அதை வாடகைச் செலவில் போட்டுவிட்டது. ஆடிட்டர் கூப்பிட்டு, "உங்களுக்குச் சொந்த வீடுதானே, யாருக்கு வாடகை கொடுக்கிறீர்கள்?" என்றார். எடுப்பு வேறு, செலவு வேறு என்று அதற்கு நன்றாகவே தெரியும். கேட்டுப் பார்த்தேன், பாடப்புத்தகம் போல விளக்கியது. அப்புறம் ஏன் அப்படி எழுதினாய் என்றால் உடனே மன்னிப்பு. இந்த மன்னிப்பைக் கேட்டுக் கேட்டே எனக்கு ரத்த அழுத்தம்.

அடுத்தது, "ஒரு பம்பு 11,800-க்கு விற்றது." அந்த விலையிலேயே வரி அடக்கம், பொருள் 10,000, பதினெட்டு சதவீத வரி 1,800. அது 11,800-க்கு மேல் இன்னொரு பதினெட்டு சதவீதம் ஏற்றி 13,924 என்று பில் தயாரித்தது. பிறகு தேதி. 03/04/2025 என்றிருந்த கொள்முதல் பில்லை மார்ச் 4 என்று படித்துவிட்டது. ஏப்ரல் 3-இல் வந்த சரக்கு முந்தைய நிதியாண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாதாமாதம் ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்யும் 3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20. ஆடிட்டரிடமிருந்து போன் வந்தது 18-ஆம் தேதி இரவு பத்தரைக்கு.

நியாயமாகப் பார்த்தால் இந்த மூன்றிலும் அரைகுறையாக எழுதியது நான்தான். கடையில் பேசுகிற மாதிரியே எழுதினேன். கடைப் பையனுக்கு ஸ்டாக் எங்கே இருக்கிறதென்று தெரியும், உதவியாளருக்குத் தெரியாது. இப்போது நான் எழுதுவது இப்படி இருக்கிறது: "இணைத்திருப்பது நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், ஜூன் 1 முதல் 30 வரை. தேதியில் முதலில் நாள், பிறகு மாதம். விற்பனைத் தொகைகள் எல்லாம் வரி உட்பட. சப்ளையருக்குப் போன பணத்தைப் புதுச் செலவாக எழுதாதே, அவர் பாக்கியில் கழி. தெரியாததை ஊகிக்காதே, அனாமத்தில் போட்டு, என்ன சந்தேகம் என்று பக்கத்தில் எழுது."

அனாமத்து என்றால், இன்னதென்று தெரியும்வரை தொகையைத் தனியாக நிறுத்திவைக்கும் கணக்கு. கடைசி வரியைச் சேர்த்த அன்றுதான் இதற்குக் கொடுத்த காசு செரித்தது. அந்த மாதம் அனாமத்தில் இருபத்து மூன்று வரிகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி. "ஜூன் 9, யுபிஐ வரவு 3,500. பெயர் இருக்கிறது, பில் இல்லை. பழைய பாக்கியா, முன்பணமா?" அப்படியே கணக்குப்பிள்ளையின் குரல். பதில் எழுத எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குமுன் ஒவ்வொரு மாதமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை அது. அனாமத்து என்ற சொல் அதற்குப் புரியுமா என்று தயங்கித்தான் எழுதினேன், புரிந்தது.

அடுத்த மாதம் புதிதாக ஓர் உரையாடலைத் திறந்து, அந்த வரியை ஒட்ட மறந்துவிட்டேன். பழையபடி ஆரம்பித்தது. அடையாளம் தெரியாத வரவெல்லாம் "இதர வருமானம்". தம்பி திருப்பித் தந்த கைமாற்றுக்கு நான் வரி கட்ட வேண்டியிருந்திருக்கும்! நிபந்தனைகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒட்டுகிறேன். உரையாடல் நீண்டுபோனால் ஒட்டியதும் மங்கிவிடுகிறது. நடுவில் மறுபடி ஒட்ட வேண்டும். சந்தா கட்டுவதும் நான், தினம் பாடம் நடத்துவதும் நானா?

பாயிடம் மத்தியானம் சொன்னேன்: வாங்காதீர்கள். அவர் கணக்கு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். "அந்த ஆளுக்கு அன்றைக்குக் கொடுத்தது" என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை. இந்த உதவியாளர் அந்த ஆளுக்கு ஒரு பெயரும் அன்றைக்கு ஒரு தேதியும் தானே வைத்துக்கொள்ளும். "அப்படியானால் நீங்களும் நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை, புதுப்பித்துவிட்டேன் என்றேன். விலை குறைவதற்கு நான்கு நாள் முன்பு, பழைய விலைக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.