ஸ்ட்ரீமர் தனியாக வாங்கலாமா? இரண்டு வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்ட்ரீமர் என்பது இணையத்திலிருந்தோ வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தோ பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. அதைப் போட்டால் சவுண்டின் தரம் கூடுமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது பாட்டு உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது? ப்ளூடூத் என்றால் கூடும். லேப்டாப்பிலிருந்து நல்ல யூ.எஸ்.பி. டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) வழியாக என்றால் பெரிதாக எதுவும் மாறாது. கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார், அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது யமஹா ஏ-எஸ்301 ஆம்ப், ஒரு ஜோடி வார்ஃப்டேல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு பழைய சி.டி. ப்ளேயர். ஆம்ப்பில் ப்ளூடூத் கிடையாது. ஆனால் ஆப்டிகல், கோஆக்சியல் என்று இரண்டு டிஜிட்டல் இன்புட் உண்டு, டாக்கும் உள்ளேயே இருக்கிறது. முதலில் ஒரு மலிவு ப்ளூடூத் ரிசீவரைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தோம். பிறகு விம் ப்ரோ என்ற ஸ்ட்ரீமர் வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தினமும் ஓடுகிறது.

வித்தியாசம் முதலில் தெரிந்தது சினிமாப் பாட்டில் அல்ல, கச்சேரி ரெக்கார்டிங்கில். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எழும் கைதட்டல் ப்ளூடூத்தில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரே இரைச்சலாகத்தான் வரும். ஸ்ட்ரீமரில் அதே கைதட்டல் பிரிந்து கேட்டது. பக்கத்தில் தட்டுகிறவர் தனி, சபாவின் கடைசி வரிசை தனி. காரணம் எளிது. சி.டி. தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. ப்ளூடூத்தின் அடிப்படைக் கோடெக்கான (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) எஸ்.பி.சி. வழக்கமாக 328-க்கு மேல் போகாது. கைதட்டல் என்பது நூற்றுக்கணக்கான திடீர் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது, சுருக்கும் கோடெக் திணறுகிற இடமே அதுதான். கஞ்சிராவில் கோத்த காசுகளின் கிணுகிணுப்பும் அப்படித்தான். எல்.டி.ஏ.சி. என்ற மேலான கோடெக் இருந்தால் 990 வரை போகும், ஆனால் அனுப்பும் போன், வாங்கும் ரிசீவர் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும்.

அடுத்தது சி.டி. ப்ளேயரோடு ஒப்பீடு. அதன் கோஆக்சியல், ஸ்ட்ரீமரின் ஆப்டிகல் இரண்டையும் ஆம்ப்பிலேயே கொடுத்தேன். டாக் ஒன்றே, வால்யூமும் ஒன்றே. ஒரு பக்கம் சி.டி., மறுபக்கம் அதே சி.டி.யிலிருந்து எடுத்த ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, மனைவி ரிமோட்டில் இன்புட்டை மாற்றிக்கொண்டே இருந்தாள். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததுதான் சரி, ஏனென்றால் இரண்டிலிருந்தும் வருவது அதே பிட்டுகள். பல லட்ச ரூபாய் ஸ்ட்ரீமர் ஒலி மேடையை விரிக்கும், பேஸை இறுக்கும் என்று எழுதப்படுவதைப் படிக்கும்போது நான் இந்தச் சோதனையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். டிஜிட்டல் அவுட்டில் எடுக்கிறவர்கள் அந்த வார்த்தைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் இந்தப் பெட்டி எதற்கு? போனை விடுவிக்க. இதை நான் வாங்குவதற்கு முன் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. ஸ்பாட்டிஃபை கனெக்ட்டிலும் கூகுள் காஸ்ட்டிலும் போன் வெறும் ரிமோட். எந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டால் ஸ்ட்ரீமரே நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆலாபனை நடுவில் வாட்ஸ்அப் 'டிங்' கிடையாது, போன் வந்தால் பாட்டு நிற்காது, போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் கூடத்தில் பாட்டு ஓடும். ரிமோட்டைத் தனியாக வாங்கினோம். அதன் ப்ரீசெட் பட்டன் ஒன்றில் அம்மாவின் காலைப் பாட்டுகள். ஆப்பைத் திறக்கத் தெரியாமலேயே அவர் விடிகாலையில் தானாகப் போட்டுக் கேட்கிறார். எனக்கு இந்தப் பெட்டியில் ஆகப் பிடித்த விஷயம் இதுதான்.

சொந்த சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரீமிங் ஆப்களுக்கு 'ஆர்ட்டிஸ்ட்', 'ஆல்பம்' தெரியும், ராகம் தெரியாது. நான் சி.டி.களை ஃப்ளாக்காக மாற்றும்போது ஜான்ரா கட்டத்தில் ராகப் பெயரையும் கம்போஸர் கட்டத்தில் இயற்றியவரையும் எழுதி வைத்தேன். பழைய லேப்டாப்பில், அந்த ஃபைல்களை ஸ்ட்ரீமருக்குக் கொடுக்கும் மென்பொருளான லிரியன் மியூசிக் சர்வர் ஓடுகிறது. தோடி என்று போட்டால் வீட்டில் உள்ள தோடி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். டிராக் மாறும் இடத்தில் இடைவெளி விடாமல் ஓடுவதும் கச்சேரிக்கு அவசியம். ஆலாபனையும் கிருதியும் தனித்தனி டிராக்காக வெட்டப்பட்ட சி.டி.யில் நடுவே அரை நொடி மௌனம் விழுந்தால் மனசே விட்டுப்போகும்.

குறைகள் உண்டு. இதில் திரை இல்லை, என்ன ஓடுகிறது என்று பார்க்கப் போனைத்தான் எடுக்க வேண்டும். ஆப்பிள் மியூசிக் இதன் ஆப்புக்குள் இல்லை, ஏர்ப்ளேயிலோ காஸ்ட்டிலோதான் அனுப்ப வேண்டும். வெளிநாட்டு விமர்சனங்கள் கொண்டாடும் டைடல், கோபுஸ் என்ற ஸ்ட்ரீமிங் ஆப்கள் இரண்டும் இந்தியாவில் சேவை தருவதில்லை, அந்த வசதிகளுக்கு இங்கே மதிப்பு இல்லை. கரண்ட் போனால் ஆம்ப் இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் அணைந்து எழும்வரை பாட்டு கிடையாது. ரவுட்டருக்கும் ஒரு மினி யூ.பி.எஸ். வைத்த பிறகு அது தீர்ந்தது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் வால்யூமியோ என்ற மென்பொருளைப் போட்டு இன்னும் மலிவாகச் செய்யலாம். கை வேலையில் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல வழி, ஆனால் சட்டென்று கரண்ட் போகும் ஊரில் மெமரி கார்டு கெட்டுப்போகிற ஆபத்து உண்டு.

ஆயுளையும் யோசிக்க வேண்டும். ஆம்ப் இருபது வருஷம் உழைக்கும், ஸ்ட்ரீமரின் உயிர் மென்பொருளில் இருக்கிறது. லாஜிடெக் 2006-இல் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை வாங்கி, அதன் ஸ்ட்ரீமரான ஸ்க்வீஸ்பாக்ஸை 2012-இல் நிறுத்திவிட்டது. 2015-இல் வந்த கூகுளின் ஸ்ட்ரீமரான க்ரோம்காஸ்ட் ஆடியோ 2019-இல் நின்றது. அதன் பிறகும் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் சில நாள் முடங்கின. ஸ்க்வீஸ்பாக்ஸ் இன்றும் பல வீடுகளில் ஓடுவது, அதன் சர்வர் மென்பொருளை ஆர்வலர்கள் லிரியன் என்ற பெயரில் உயிரோடு வைத்திருப்பதால்தான். ஆகவே ஸ்ட்ரீமர் உள்ளேயே பொதிந்த விலை உயர்ந்த ஆம்ப்பை விட, தனி ஆம்ப், தனி ஸ்ட்ரீமர் என்று வைப்பதே என் கட்சி. நாளைக்குச் சின்னப் பெட்டி செத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்பீக்கர் இன்னும் சுமார் ரகம் என்றால் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். ஆம்ப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரும் டாக்கும் இருந்து, அதில் பாட்டு போடுவது உங்களுக்குத் தொந்தரவாக இல்லை என்றால் ஸ்ட்ரீமரே வேண்டாம். வாங்குவதென்று முடிவானால் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆப்டிகல் இன்புட் இருந்தால் விம் ப்ரோவே போதும். அதற்கு மேல் மாடலான ப்ரோ ப்ளஸ்ஸில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அதன் மேலான டாக்குக்கு, ஆப்டிகலில் எடுத்தால் அந்த டாக் வேலையே செய்யாது. அனலாக் இன்புட் மட்டும் உள்ள பழைய ஆம்ப் என்றால் ப்ளஸ்ஸைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.